மாடி வாடகை ஏழு மாதமாக வரவில்லை, அட்வான்ஸும் கரைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

விளாங்குடி_மாடிவீடு
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். சொந்த வீடு மதுரை விளாங்குடியில். கீழே அம்மா தனியாக இருக்கிறார். மாடியை அப்பா 2018-இல் வங்கிக் கடன் வாங்கிக் கட்டினார். வாடகையே தவணையில் முக்கால்வாசியை அடைத்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. வாடகை 8,500, தவணை 11,200. மீதி 2,700-ஐ நான் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார்.

மாடியில் இருப்பவர் டைல்ஸ் ஒட்டும் வேலையை காண்டிராக்ட் எடுத்துச் செய்பவர். மனைவி, இரண்டு பிள்ளைகள். வந்த புதிதில் மாதம் ஐந்தாம் தேதி காலையிலேயே அம்மா கையில் பணம் கொடுத்துவிடுவார். தை மாதத்திலிருந்து நின்றுவிட்டது. பெரிய வேலை ஒன்றில் பணம் மாட்டிக்கொண்டது என்றார். முதல் மாதம் "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்றார். மூன்றாவது மாதம் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். சித்திரையில் கேட்டபோது பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்றார். இப்போது கேட்டால் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆவணி பிறக்கட்டும் என்கிறார்.

அட்வான்ஸ் 50,000. ஆனால் அது எங்களிடம் இல்லை. அப்பா வாங்கிய மாதமே மாடிப்படிக்கு கிரில் அடித்து, போருக்குப் புது மோட்டார் இறக்கிவிட்டார்.

அந்த மோட்டாரால்தான் பெரிய சிக்கல். மாடி கட்டியபோது எலக்ட்ரீஷியன் மோட்டாரை மாடி மீட்டரில் கொடுத்துவிட்டார். வாடகைக்கு இருப்பவர்கள் கரண்ட் பில்லையும் கட்டுவதில்லை. கட்டாவிட்டால் இ.பி.காரர் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார், கீழே அம்மாவுக்கும் தண்ணீர் வராது. அதனால் மூன்று பில்லையும் அம்மாவே கட்டியிருக்கிறார்: 2,940, 3,450, 3,870. மொத்தம் 10,260. இதை எனக்குச் சொல்லவே இல்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது வெள்ளை அட்டைக்குள் மடித்து வைத்திருந்த ரசீதுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஏன் என்று கேட்டேன். "பார்த்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்ல" என்றார். பணம் வர வேண்டியது அம்மாவுக்கு, கதவைச் சாத்துவதும் அம்மா.

எழுத்தில் இருப்பது அப்பா கையெழுத்துப் போட்ட 20 ரூபாய்ப் பத்திரத்தில் ஒரு பதினோரு மாத ஒப்பந்தம். அது முடிந்து பல மாதம் ஆகிவிட்டது. புதுப்பிக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


ஜெய்ஹிந்துபுரம்_கடை
ஞாயிறு, இரவு 10.15

தம்பி, நோட்டீஸ் கீட்டீஸ் என்று அலைய வேண்டாம். மோட்டார் லைனை மாற்றிவிட்டு மாடிக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். பத்து நாளில் காலி செய்துவிடுவார்கள். எங்கள் தெருவில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.


கோர்ட்_குமாஸ்தா
ஞாயிறு, இரவு 11.05

கடைக்கார அண்ணன் கோபிக்க வேண்டாம். அந்த யோசனையால் வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொண்டதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டமே தடை செய்கிறது. நிறுத்திய மறுநாள் அவர் புகார் கொடுத்தால் ஏழு மாத பாக்கியை மறந்துவிட்டு எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுவார்கள். பாதிக்கப்பட்டவர் அவர் என்று ஆகிவிடும். பூட்டுப் போடுவது, சாமானை வெளியே எடுத்து வைப்பது, நாலு பேரை அனுப்பி மிரட்டுவது எல்லாமே இப்படித்தான் முடியும்.

விளாங்குடி தம்பிக்குச் சொல்கிறேன். 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது கிடையாது. அதற்குப் பதிலாக 2017-இல் போட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறத்துக்கானது. விளாங்குடி 2011-இலேயே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் உங்களுக்குப் பொருந்தும்.

இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் வாடகை அதிகாரி. அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவே வேண்டாம் என்பது பழைய காலத்துப் பழக்கம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பத்திரப்பதிவு கட்டாயம் என்பதால் எல்லோரும் பதினொன்றில் நிறுத்தினார்கள். இந்தச் சட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்கள் 21-ஆம் பிரிவில் இருக்கின்றன. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் இருப்பது ஒரு காரணம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தமே போடாமல் இருப்பதும் ஒரு காரணம். ஆகவே பத்திரம் முடிந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வழி இருக்கிறது. ஆனால் கையில் உத்தரவு வருவதற்கு நாள் பிடிக்கும், வாய்தாவும் இருக்கும். அதையும் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

முதலில் உங்கள் பக்கத்து வேலை. ஒப்பந்தத்தில் இருப்பது காலமான அப்பாவின் பெயர். வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? இ.பி. இணைப்பும் வீட்டு வரியும் யார் பெயரில் இருக்கின்றன? நோட்டீஸ் அம்மா பெயரில் போக வேண்டும். வாரிசாக இருப்பவருக்கு வாடகை கேட்கும் உரிமை தானாகவே வந்துவிடும். ஆனாலும் தாள் சரியாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்து இழுக்க முடியாது.


விளாங்குடி_மாடிவீடு
திங்கள், காலை 7.20

ரொம்ப நன்றி அண்ணே. வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது. வரியை மாற்றிவிட்டோம். இ.பி. இன்னும் அப்பா பெயரில்தான்.

ஒரு சந்தேகம். இப்படியே விட்டால் பன்னிரண்டு வருடத்தில் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அதிலிருந்து தூக்கம் வரவில்லை.


கோர்ட்_குமாஸ்தா
திங்கள், காலை 8.10

அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். நம் சம்மதத்தோடு வாடகைக்கு வந்தவர் அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கைப் பேச முடியாது. உரிமையாளருக்கு எதிராக, என்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அனுபவித்தவருக்குத்தான் அது. பயப்பட வேண்டியது வேறு ஒரு கணக்குக்கு. வாடகை பாக்கியை வசூலிக்க வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். பாவம் பார்த்து வருடக்கணக்கில் விட்டால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்.


ஆனையூர்_வாடகை
திங்கள், மதியம் 1.30

நான் பதினாறு வருடமாக வாடகை வீட்டில் இருப்பவன். இதுவரை ஐந்து வீடு. எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

"அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது தெரியுமா? நான் குடியிருந்த ஐந்து வீட்டில் மூன்றில், காலி செய்த அன்று அட்வான்ஸ் கைக்கு வரவில்லை. அடுத்த ஆள் வந்து கொடுத்தால் தருகிறேன் என்றார்கள். ஒரு வீட்டில் வெள்ளை அடிக்க 14,000 பிடித்தார்கள். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட நான் மனைவியின் வளையலை அடகு வைத்தேன். இப்படி ஒருமுறை பட்டவன் அடுத்த வீட்டில் கடைசி நாலைந்து மாதம் வாடகையைக் கட்டாமல் இருந்து கணக்கைத் தீர்க்கத்தான் பார்ப்பான். ஏமாற்ற வேண்டும் என்று எல்லோரும் நினைப்பதில்லை.

சட்டப்படி அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று குமாஸ்தா அண்ணன் சொன்னால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

விளாங்குடி சார், உங்கள் மாடிக்காரர் செய்வது தவறுதான். கரண்ட் பில்லையும் அம்மா தலையில் போட்டதை ஏற்றுக்கொள்ளவே முடியாது. ஆனால் இரண்டு வருடம் ஐந்தாம் தேதி தவறாமல் கொடுத்த மனிதர். காண்டிராக்ட் வேலையில் பணம் மாட்டினால் வெளியே தலைகாட்ட முடியாது. வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஒருமுறை நேரில் உட்கார்ந்து கணக்கை எழுதி வைத்துப் பேசிப் பாருங்கள். போனில் பேசாதீர்கள். அம்மாவைப் பேச வைக்காதீர்கள்.


கோர்ட்_குமாஸ்தா
திங்கள், மதியம் 2.05

வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் கூடாது. உத்தரவு வந்தும் அல்லது ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு மடங்கு வாடகை கேட்க வீட்டுக்காரருக்கும் உரிமை இருக்கிறது.


திருநகர்_பென்ஷன்
திங்கள், மாலை 6.45

எனக்கு வயது 67. இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் ஒரு கணக்கு.

விளாங்குடி தம்பியின் எண்களையே எடுத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 50,000, வாடகை 8,500. கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்குத் தாங்கும் என்று தோன்றும். தாங்காது. அவர்கள் காலி செய்யும்போது வெள்ளை அடிப்பதும் குழாய், சுவிட்சு பார்ப்பதும் ஒரு 12,000 என்று வையுங்கள். கடைசிக் கரண்ட் பில் 4,000. மிச்சம் 34,000, அதாவது நாலு மாத வாடகை. நோட்டீஸ் எழுதி அது போய்ச் சேர்ந்து ஒரு மாதம் காத்திருப்பதற்குள் அதில் ஒன்றரை மாதம் போய்விடும். ஆகவே இரண்டாவது மாதம் வாடகை வராத அன்றே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். நாம் நாலாவது மாதம் வரைக்கும் "பாவம், என்ன கஷ்டமோ" என்று இருந்துவிட்டு, ஆறாவது மாதம் கோபப்படுகிறோம். அப்போது நம் கையில் ஒன்றும் இருக்காது.

நான் அட்வான்ஸ் வாங்கினால் தபால் ஆபீசில் டெபாசிட் போட்டுவிடுவேன். வட்டி கொஞ்சம்தான். ஆனால் காலி செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் "சரி, சாவியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அன்றைக்கே சொல்ல முடிகிறது. ஆனையூர் தம்பி சொன்ன பயம் என் வீட்டில் யாருக்கும் இல்லை. அதனாலேயே கடைசி மாத வாடகையும் ஒழுங்காக வந்துவிடுகிறது.


செல்லூர்_அக்கா
திங்கள், இரவு 10.20

எல்லோரும் வாடகையைப் பேசுகிறீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் ஒத்திக்கு விடுகிறவர்கள். அதைப் பற்றியும் பேசுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

மாமியார் வழியில் வந்த இரண்டு அறை வீடு. 2021-இல் என் வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன். கையில் பணம் இல்லை. வீட்டை மூன்று வருடத்துக்கு நாலு லட்சம் ஒத்திக்கு விட்டோம். மாத வாடகை கிடையாது, வட்டி கிடையாது, மூன்று வருடம் முடிந்தால் நாலு லட்சத்தைக் கொடுத்து வீட்டை மீட்க வேண்டும். பத்திரம் எழுதிய அன்று கட்டுக்கட்டாகப் பணத்தை வாங்கியபோது பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அது கடன் என்பது அப்போது மனதில் ஏறவே இல்லை.

ஒத்திக்கு வந்தவர் ஆறு மாதம் குடும்பத்தோடு இருந்தார். அப்புறம் எங்களிடம் சொல்லாமலே கப்பலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் நாலு பையன்களுக்கு மாதம் 7,000-க்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் வீடு, எங்களுக்கு வாடகை இல்லை, அவருக்கு மாதம் ஏழாயிரம். செப்டிக் டேங்க் நிறைந்து தெருவில் வழிந்து, பக்கத்து வீட்டார் போன் பண்ணிய பிறகுதான் தெரிந்தது. லாரி கூப்பிட்டு எடுக்க நாங்கள்தான் பணம் கொடுத்தோம்.

கேட்டதற்கு அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நாலு லட்சத்தைக் கொடுங்கள், நாளைக்கே காலி." கொடுக்கத்தான் பணம் இல்லையே. அந்தப் பலவீனம் அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடம் முடிந்தும் எட்டு மாதம் அப்படியே ஓடியது. அடுத்து ஒத்திக்குக் கேட்டு வந்தவர்கள் வீடு இருக்கும் நிலையைப் பார்த்துவிட்டு இரண்டரைக்கு மேல் தர மாட்டோம் என்றார்கள். கடைசியில் ரெண்டு வட்டிக்கு நாலு லட்சம் வாங்கிக் கொடுத்து வீட்டை மீட்டோம். மாதம் வட்டி மட்டும் 8,000. வீட்டைச் சரிபண்ணி வாடகைக்கு விட்டதில் வருவது 6,500. மாதம் 1,500 கையிலிருந்து போனது, அசல் அப்படியே நின்றது.

பிறகு என் நகையை வங்கியில் வைத்து ஒன்றரை லட்சத்தை அடைத்தேன். இப்போது வெளி வட்டி 5,000-ஆகக் குறைந்திருக்கிறது. மீதி 1,500 நகைக்கடன் வட்டிக்குப் போய்விடுகிறது. வீட்டு வாடகையில் ஒரு ரூபாய்கூட இன்னும் நாங்கள் சாப்பாட்டுக்கு எடுத்ததில்லை.

ஒத்திக்கு விடுகிறவர்கள் தயவுசெய்து பணம் எங்கிருந்து திரும்பி வரும் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். உள்வாடகைக்கு விடக் கூடாது என்று பத்திரத்தில் போடுங்கள். நாங்கள் போடவில்லை. பத்திரத்தைப் பதிவும் பண்ணவில்லை.


கோர்ட்_குமாஸ்தா
செவ்வாய், காலை 9.00

அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஒத்தியைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுத்தால் அது போக்கியம், அடமானத்தில் ஒரு வகை. 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டிய ஆவணம் அது. செலவுக்குப் பயந்து குறைந்த விலைப் பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். தகராறு வந்தால் இது வாடகையா, குத்தகையா, அடமானமா என்பதிலேயே வழக்கு சுற்றும். பணம் கொடுத்தவருக்கும் இதே ஆபத்து இருக்கிறது.


வில்லாபுரம்_வரிக்கணக்கு
செவ்வாய், மதியம் 12.40

வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். வீட்டு வாடகையில் மாநகராட்சி வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் கழிவு போகத்தான் வருமான வரி. வராத வாடகைக்கு வரி கட்ட வேண்டாம் என்றும் விதி இருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு: வாடகைக்கு இருந்தவர் காலி செய்திருக்க வேண்டும் அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், பாக்கியை வசூலிக்கச் சட்டப்படி முயன்றிருக்க வேண்டும், அதே ஆள் நம்முடைய வேறு வீட்டில் குடியிருக்கக் கூடாது. நோட்டீஸ் நகல் அதற்கும் உதவும்.

கரண்டிலும் ஒன்று கவனியுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். மோட்டாரும் ஏ.சி.யும் ஒரே மீட்டரில் ஓடினால் சீக்கிரம் தாண்டும். அம்மா கட்டிய பில் அதனால்தான் அவ்வளவு இருக்கிறது. மோட்டாரைக் கீழ் மீட்டருக்கு மாற்றுங்கள். தண்ணீரை நிறுத்துவதற்காக இல்லை. மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொண்டே இருக்கலாம்.


விளாங்குடி_மாடிவீடு
ஆறு வாரம் கழித்து, சனி, இரவு 8.15

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான்கு நாள் லீவு போட்டு வந்தேன். ஆனையூர் அண்ணன் சொன்னபடி முதலில் நேரில் பேசினேன். அம்மாவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, நானும் அவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: ஏழு மாத வாடகை 59,500, கரண்ட் 10,260, மொத்தம் 69,760, அட்வான்ஸ் போக 19,760. அவர் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கரண்ட் பில்லை அம்மா கட்டியது அவருக்குத் தெரியவே இல்லை. ஃபியூஸைப் பிடுங்காததால், எப்படியோ போகிறது என்று விட்டிருக்கிறார். அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அக்கா கீழே இறங்கி வந்து அழுதுவிட்டார்.

ஆனாலும் குமாஸ்தா அண்ணன் சொன்னதை விடவில்லை. பேசிய மறுநாளே அம்மா பெயரில் நோட்டீஸ் போனது. பேச்சை எழுத்தில் வைப்பதற்காக அனுப்புகிறேன், சண்டைக்காக இல்லை என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

ஆவணி முதல் வாரம் காலி செய்துவிட்டார்கள். அந்தச் சில நாளுக்கு வாடகை கேட்கவில்லை. சாவியோடு 5,000 கொடுத்தார். மீதி 14,760-க்குப் புரோ நோட்டு எழுதி, மாதம் 2,000 வீதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டாயிரம் நேற்று அம்மா கணக்கில் ஏறியிருக்கிறது. தொட்டி ஓரத்தில் விரிசல், ஒரு கதவுக் கீல் உடைந்திருக்கிறது. வெள்ளையோடு சேர்த்து 15,500 ஆனது, அது என் செலவு.

மோட்டார் கீழ் மீட்டருக்கு வந்துவிட்டது. இ.பி. பெயர் மாற்றமும் முடிந்தது. அடுத்து வரும் அட்வான்ஸ் அம்மா பெயரில் தபால் ஆபீஸ் டெபாசிட்டுக்குப் போகும் என்று திருநகர் ஐயாவிடம் சொல்லிக்கொள்கிறேன். செல்லூர் அக்கா, ஒத்திக்கு விட்டு வங்கிக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாமா என்று என் மாமா கேட்டார். உங்கள் பதிவை அப்படியே அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.


செல்லூர்_அக்கா
சனி, இரவு 9.02

நல்லது தம்பி. அம்மா எப்படி இருக்கிறார்?


விளாங்குடி_மாடிவீடு
சனி, இரவு 9.10

நன்றாக இருக்கிறார் அக்கா. மாடியில் ஆள் இல்லாதது ஒரு மாதிரி இருக்கிறதாம், சீக்கிரம் யாரையாவது பார்க்கச் சொல்கிறார். புரட்டாசி பிறப்பதற்குள் விட்டால்தான் உண்டு. இரண்டு படுக்கையறை, வாடகை 8,500, அட்வான்ஸ் மூன்று மாதம், ஒப்பந்தம் பதிவு செய்துதான் தருவோம். விளாங்குடி, கூடல் நகர்ப் பக்கம் யாராவது வீடு தேடினால் சொல்லுங்கள்.